ஏரி மறப்பதில்லை

2023-ஆம் ஆண்டின் கோடையில் வட அயர்லாந்தின் நே ஏரி பச்சைச் சாயம் கரைத்துக் கொட்டியதுபோல் நிறம் மாறியது. ஏறத்தாழ 390 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரிதான் பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு தீவுகளிலும் மிகப் பெரியது. வட அயர்லாந்து மக்களின் குடிநீரில் சுமார் 40 விழுக்காடு அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதன் கரைகளில் நீலப்பச்சைப் பாசி தடித்த ஏடாக ஒதுங்கியது. நீரில் இறங்க வேண்டாம் என்ற அறிவிப்புப் பலகைகள் நடப்பட்டன. அடுத்தடுத்த கோடைகளிலும் அதே காட்சி திரும்பியது. ஐரோப்பாவின் மிகப் பெரிய விலாங்கு மீன்பிடித் தொழில்களுள் ஒன்றாக விளங்கிய அந்த ஏரியில், 2025-ஆம் ஆண்டின் விலாங்குப் பருவமே கைவிடப்பட்டது.

குடிநீரைப் பற்றியும் விலாங்கைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாத இன்னொரு மீனைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். அது டிரவுட். நே ஏரிக்கே உரிய ‘டொலகன்’ என்ற டிரவுட் வகை, ஏரியில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காகச் சுற்றியுள்ள ஆறுகளில் ஏறிச் செல்வது. நே மட்டுமன்று, ஸ்காட்லாந்தின் லெவன், அயர்லாந்தின் ஷீலின், என்னெல் என்று காட்டு டிரவுட்டுக்குப் புகழ்பெற்றிருந்த சமவெளி ஏரிகள் பலவும் கடந்த அரை நூற்றாண்டில் தம் பழைய வளத்தை இழந்திருக்கின்றன. இதைச் சில தூண்டில்காரர்களின் பொழுதுபோக்கு பறிபோன கதையாகக் கருதிக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்துவிட்டதன் விலையைத்தான் நே ஏரி இன்று செலுத்திக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

ஆழமின்மை தந்த செல்வம்

டிரவுட் என்றதும் மலையருவியும் பனிக்குளிர் நீரும் நம் நினைவுக்கு வரும. ஆனால், ஐரோப்பாவின் கொழுத்த காட்டு டிரவுட்கள் பலவும் ஆழம் குறைந்த சமவெளி ஏரிகளில்தான் வளர்ந்தன. அதற்குக் காரணம் எளிது. நான்கைந்து மீட்டர் ஆழமே உள்ள ஏரியில் வெயில் அடித்தரை வரை இறங்கும். அடித்தரையில் நீர்த்தாவரங்கள் செழிக்கும். அவற்றின் இலைகளுக்கிடையே நத்தைகளும் நன்னீர்க் கூனிகளும் பூச்சிகளின் இளவுயிரிகளும் பெருகும். அவற்றைத் தின்று டிரவுட் விரைவாகப் பருக்கும். அயர்லாந்தின் என்னெல் ஏரியில் 1894-இல் பிடிபட்ட ஒரு டிரவுட் ஏறத்தாழ 12 கிலோ எடை இருந்தது.

அந்த ஆழமின்மையே இந்த ஏரிகளின் பலவீனமும்கூட. ஆழமான ஏரியில் கோடையில் மேல்நீர் சூடானாலும் கீழே குளிர்ந்த நீர் தங்கியிருக்கும். வெப்பம் தாங்காத மீன் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். ஆழம் குறைந்த ஏரியில் காற்று வீசும்போதெல்லாம் நீர் முழுவதும் கலங்கி ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுகிறது. ஒதுங்க இடமில்லை. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே டிரவுட் இரையெடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 25 டிகிரியை ஒட்டி அதன் உயிருக்கே ஆபத்து. மேலும், இத்தகைய ஏரியின் நீருக்கும் அடிச்சேற்றுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. சேற்றில் என்ன புதைந்திருக்கிறதோ, அது நீருக்குத் திரும்பிவரும்.

இங்குதான் பாஸ்பரஸ் கதைக்குள் நுழைகிறது. வயலுக்கு இடும் உரம், கால்நடைக் கழிவு, வீட்டுச் சாக்கடை, சலவைத்தூள் ஆகிய எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. அது ஏரியில் சேரும்போது பாசிக்கு விருந்தாகிறது. பாசி பெருகினால் வெயில் அடித்தரைக்கு இறங்காது. தாவரங்கள் மடிகின்றன, அவற்றை நம்பியிருந்த பூச்சிகள் குறைகின்றன. மடிந்த பாசி அழுகும்போது நீரில் உள்ள ஆக்ஸிஜனும் தீர்ந்துபோகிறது. இந்த மிகையூட்டத்தில் முதலில் தோற்பது டிரவுட். குளிர்ந்த, ஆக்ஸிஜன் மிகுந்த நீரும், முட்டையிடுவதற்குச் சேறு படியாத சரளை ஓடைகளும் அதற்கு வேண்டும். இரண்டில் ஒன்று கெட்டாலும் அதன் வாழ்க்கை வட்டம் அறுந்துவிடுகிறது.

லெவன் கற்பித்த பாடம்

இந்த வரலாற்றை ஓரிடத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் லெவன் ஏரியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஸ்காட்லாந்து அரசி மேரி 1567-இல் சிறைவைக்கப்பட்ட தீவுக்கோட்டை அந்த ஏரியில்தான் இருக்கிறது. பரப்பு 13 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சராசரி ஆழம் நான்கு மீட்டருக்கும் குறைவு. அதன் டிரவுட் ஒரு தனி வகையாகவே மதிக்கப்பட்டது. நல்ல பருவங்களில் பல்லாயிரக்கணக்கான மீன்கள் தூண்டிலில் சிக்கின. எத்தனை மீன் கிடைத்தது என்ற கணக்கை அங்கே தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்தார்கள்.

அந்த ஏரிக்கு நேர்ந்தவை ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் வளர்ச்சி என்றே அழைக்கப்பட்டன. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த ஆலைகளுக்கு நீர்வரத்தைச் சீராக்கவும் கரையோர நிலத்தை மீட்கவும் ஏரியின் நீர்மட்டம் சுமார் 1.4 மீட்டர் தாழ்த்தப்பட்டது. ஆழம் குறைந்த ஏரி மேலும் ஆழமிழந்தது. 20-ஆம் நூற்றாண்டில் கரையிலிருந்த கம்பளி ஆலை, பூச்சி அரிக்காமல் இருக்க டீல்ட்ரின் என்ற நச்சைப் பயன்படுத்தியது. அது ஏரிக்குள் வந்தது. பாசியை மேய்ந்து நீரைத் தெளிவாக வைத்திருந்த டாஃப்னியா என்ற நுண்ணுயிரி பல ஆண்டுகள் காணாமற்போனது. ஆலையிலிருந்தும் ஊர்ச் சாக்கடையிலிருந்தும் வயல்களிலிருந்தும் பாஸ்பரஸ் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

1992-ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று ஏரி முழுவதும் பாசி பொங்கியது. அந்த நாளை ‘நுரைபடிந்த சனிக்கிழமை’ என்று சொல்லத்தக்க பெயரால் அப்பகுதியினர் இன்னும் நினைவுகூர்கிறார்கள். சுற்றுலாவும் மீன்பிடியும் சார்ந்த உள்ளூர் வருவாய் பெரும் அடிவாங்கியது. ஆனால், நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே சீரமைப்புப் பணிகள் தொடங்கியிருந்தன. ஆலைக் கழிவு கட்டுப்படுத்தப்பட்டது. சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் முறை மேம்படுத்தப்பட்டது. 1985-இல் ஆண்டுக்குச் சுமார் 20 டன்னாக இருந்த பாஸ்பரஸ் வரத்து 1995-இல் 8 டன்னாகக் குறைந்தது. எந்த அரசும் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய சாதனை அது.

ஆயினும் ஏரி உடனே தெளியவில்லை. பல பத்தாண்டுகளாகச் சேற்றில் சேர்ந்திருந்த பாஸ்பரஸ் ஒவ்வொரு கோடையிலும் கசிந்து மேலே வந்தது. வெளியிலிருந்து வந்த வரத்தை நிறுத்தினாலும் உள்ளேயிருந்த இருப்பு கரைய வேண்டியிருந்தது. நீர்த்தாவரங்கள் எவ்வளவு ஆழம் வரை வளர்கின்றன என்ற கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 4.6 மீட்டர் ஆழம் வரை அவை வளர்ந்தன. 1970களில் அது 1.5 மீட்டராகச் சுருங்கியது. மீண்டும் நான்கு மீட்டரைத் தாண்டியது 2008-ஐ ஒட்டித்தான். நஞ்சு நிறுத்தப்பட்டதற்கும் நலம் திரும்பியதற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அந்த நலமும் முழுமையானதன்று. வெப்பமான கோடைகளில் பாசி எச்சரிக்கைகள் அங்கே இன்றும் விடுக்கப்படுகின்றன.

பண்ணை மீன் என்னும் திரை

இந்த இருபது ஆண்டுக் காத்திருப்பை எப்படிக் கடப்பது என்ற கேள்விக்கு எல்லா நாடுகளும் கண்ட எளிய விடை, பண்ணையில் வளர்த்த மீனை ஏரியில் விடுவது. லெவனிலும் அதைத்தான் செய்தார்கள். முதலில் பண்ணையில் பொரித்த பிரவுன் டிரவுட் குஞ்சுகளை விட்டார்கள். 1993 முதல், வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ரெயின்போ டிரவுட்டையும் விட்டார்கள். படகு வாடகைக்கு எடுத்து வருபவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமே! பின்னர் அது நிறுத்தப்பட்டது. ஆனால், பிரிட்டனின் எண்ணற்ற சிறு ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இன்று டிரவுட் மீன்பிடி என்றாலே பண்ணை மீனைப் பிடிப்பது என்றாகிவிட்டது.

இதன் வணிகத் தேவை எனக்குப் புரியாமலில்லை. படகுக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் அடுத்த மாத வருமானம் வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து வரும் தெளிந்த நீர் அவர்களுடைய கடனை அடைக்காது. ஆனால், இதில் மறைந்துபோவது என்ன என்று பார்க்க வேண்டும். காட்டு டிரவுட் ஓர் அளவுகோல். அது ஓடையில் பிறந்து, ஏரியில் வளர்ந்து, ஓடைக்குத் திரும்ப முடிகிறது என்றால், ஓடையும் ஏரியும் அவற்றைச் சுற்றியுள்ள நிலமும் நலமாக இருக்கின்றன என்று பொருள். அது குறையும்போது எங்கோ ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். பண்ணை மீனோ தொட்டியில் பிறந்து, தீவனத்தில் வளர்ந்து, லாரியில் வந்து இறங்குவது. சில வாரங்கள் உயிரோடு இருந்தாலே அதன் பணி முடிந்தது. ஓடை வற்றினாலும் சரளையில் சேறு படிந்தாலும் அதன் எண்ணிக்கை குறையாது. லாரி வரும் வரை குறையாது. வெப்பமானி காட்டும் காய்ச்சலைப் பார்க்கச் சகிக்காமல் வெப்பமானியின் முள்ளை நாமே திருப்பி வைப்பது போன்றது இது.

காட்டு மீன் போனதும் அதைத் தேடி வந்தவர்களும் போய்விடுகிறார்கள். இது இரண்டாவது இழப்பு. ஓர் ஏரியை ஆண்டுதோறும், வாரந்தோறும், விடியலிலும் அந்தியிலும் உற்றுநோக்குபவர் தூண்டில்காரரைப் போல் வேறு எவரும் இல்லை. எந்த வாரத்தில் எந்தப் பூச்சி நீரிலிருந்து எழுகிறது என்பது அவருக்குத் தெரியும். இவ்வாண்டு அது எழவில்லை என்பதும் முதலில் அவருக்கே தெரியும். அயர்லாந்தில் 1980களின் இறுதியில் தூண்டிலுக்கு உரிமக் கட்டணம் விதிக்க அரசு முயன்றபோது, மேற்கு அயர்லாந்தின் ஏரிக்கரைகளில் எழுந்த எதிர்ப்பு அரசையே பின்வாங்க வைத்தது. அத்தகைய ஆற்றல் கொண்ட ஒரு சமூகம் மெலிந்துபோனால், ஏரிக்காக அமைச்சரிடம் சண்டையிட யார் மிஞ்சுவார்கள்?

மானியம் நின்றால் நீரும் கெடும்

அயர்லாந்தின் ஷீலின் ஏரி இன்னொரு பாடத்தைச் சொல்கிறது. சராசரி ஆழம் நான்கரை மீட்டர்கூட இல்லாத இந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில், கேவன் மாவட்டத்தில், 1970களில் பன்றிப் பண்ணைகள் பெருகின. அவற்றின் கழிவு நிலத்தில் கொட்டப்பட்டு, மழையோடு ஏரிக்கு வந்தது. நாட்டின் தலைசிறந்த டிரவுட் ஏரிகளுள் ஒன்றாக இருந்தது பாசிக் குளமாயிற்று. 1980களின் முற்பகுதியில், கழிவை லாரிகளில் ஏற்றி நீர்ப்பிடிப்புக்கு வெளியே கொண்டுசெல்ல அரசு மானியம் தந்தது. நீர் தெளியத் தொடங்கியது. மானியம் நின்றது, நீர் மீண்டும் கெட்டது. காரணம் எது, மருந்து எது என்று இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக்கூடமும் நிரூபித்திருக்க முடியாது.

மிகையூட்டத்தால் தளர்ந்த ஏரிக்குள் அந்நிய உயிர்களும் எளிதாக நுழைந்துவிடுகின்றன. ரோச் என்ற மீன் அயர்லாந்துக்கு உரியதன்று. தூண்டில் இரையாகக் கொண்டுவரப்பட்டு ஏரிக்கு ஏரி பரவியது. கலங்கிய, ஊட்டம் மிகுந்த நீரில் அது டிரவுட்டைவிட நன்றாக வாழும். பாசியை மேயும் டாஃப்னியாவையும் தின்றுவிடும். ஜீப்ரா மட்டிகள் படகுகளில் ஒட்டிக்கொண்டு வந்தன. கோரிப் ஏரியில், தோட்டக் குளங்களுக்காக விற்கப்பட்ட தென்னாப்பிரிக்க நீர்க்களை ஒன்று 2005-இல் கண்டறியப்பட்டது. அது ஆழம் குறைந்த விரிகுடாக்களை அடைத்துக்கொண்டது. அதை ஒழிக்க அங்கே கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது: ஏரியின் அடித்தரையில் சணல் விரிப்புகளைப் பாய்போல் பரப்பினார்கள். வெயில் கிடைக்காமல் களை மடிந்தது. சணலின் இழைகளுக்கிடையே ஏரியின் சொந்தத் தாவரங்கள் முளைத்தன. சணல் மக்கி மறைந்தது. மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால், ஒரு களையை விட்டுவிட்டுப் பிறகு துரத்துவதற்கு எத்தனை ஆண்டு உழைப்பும் பணமும் வேண்டியிருக்கிறது என்பதற்கும் இதுவே சான்று.

நமக்கும் உண்டு ஓர் இழை

ஸ்காட்லாந்து ஏரிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்டர்லிங் நகருக்கு அருகே ஜேம்ஸ் மெய்ட்லண்ட் நிறுவிய ஹாவிட்டவுன் மீன்பண்ணையில் லெவன் டிரவுட் வளர்க்கப்பட்டு, அதன் முட்டைகள் உலகின் பல பகுதிகளுக்கும் கப்பலில் சென்றன. 1900-இல் காஷ்மீருக்கு வந்து சேர்ந்த டிரவுட் முட்டைகளும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவையே. இலங்கையின் நுவரெலியா ஓடைகளில் 1880களிலேயே பிரவுன் டிரவுட் விடப்பட்டது. நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே அதைக் குடியேற்ற முயன்றார். பின்னர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச்.சி. வில்சனின் முயற்சியால் அங்கே நிலைபெற்றது ரெயின்போ டிரவுட். அவலாஞ்சியில் அதற்கான பொரிப்பகமும் எழுந்தது.

ஆங்கிலேய அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காக நம் மலையோடைகளில் விடப்பட்ட அந்நிய மீன் அது. அதன் வரவால் அந்த ஓடைகளின் சொந்த உயிர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி. இங்கே நான் கவனிப்பது ஒரு முரணை. ஒரு மீனை உலகம் முழுதும் கொண்டுசென்று சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, அது பிறந்த ஏரியைக் காப்பாற்றத் தெரியவில்லை. முட்டையைப் பாசத்தோடு பனிக்கட்டியில் பொதிந்து அனுப்ப முடியும். ஏரியை அப்படி எங்கும் எடுத்துச்செல்ல முடியாது. ஓரிடத்தில் அழிந்தது இன்னோரிடத்தில் இருக்கிறதே என்ற ஆறுதல் மீனுக்குப் பொருந்தலாம், ஏரிக்குப் பொருந்தாது.

ஐந்தாண்டு ஆட்சியும் இருபதாண்டு ஏரியும்

மீண்டும் நே ஏரிக்கு வருவோம். அதில் சேரும் பாஸ்பரஸில் ஏறத்தாழ 62 விழுக்காடு வேளாண்மையிலிருந்தும், 24 விழுக்காடு சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்தும், 12 விழுக்காடு வீட்டுக் கழிவுத் தொட்டிகளிலிருந்தும் வருவதாக அரசின் கணக்கே சொல்கிறது. காரணம் தெரியாத நோயன்று இது. 2013-இல் வெளியான ‘வளர்ச்சியை நோக்கி’ என்ற பொருள்படும் வேளாண் உத்தி, கால்நடை வளர்ப்பையும் உணவு ஏற்றுமதியையும் பெருக்கச் சொன்னது. உழவர்கள் கடன் வாங்கிப் பெருக்கினார்கள். 2024-இல் வட அயர்லாந்து அமைச்சரவை ஏரிக்கான செயல்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025-இல் உரக் கட்டுப்பாட்டுக்கான வரைவை அமைச்சர் ஆண்ட்ரூ மியூர் முன்வைத்தபோது, உல்ஸ்டர் உழவர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது.

அந்த எதிர்ப்பை வெறும் சுயநலம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பெருக்கச் சொன்னதும் அரசு. இன்று குறைக்கச் சொல்வதும் அரசு. இடையில் கட்டிய கொட்டகையின் கடன் மட்டும் உழவருடையது. மலிவான இறைச்சியும் பாலும் கேட்ட நகரத்து நுகர்வோருக்கு இதில் பங்கில்லையா? ஏரியைச் சீராக்கும் செலவை முழுவதும் உழவர் தலையில் சுமத்தும் எந்தத் திட்டமும் அரசியலில் நிலைக்காது. ஷீலின் கற்பித்தது அதுதான்: கழிவை அகற்றும் செலவைப் பொதுப்பணம் ஏற்றவரை நீர் தெளிந்தது.

அதே நேரத்தில், இன்னொரு சாக்கை ஏற்க முடியாது. பருவநிலை மாற்றம்தான் காரணம், நாம் என்ன செய்ய முடியும் என்பது அந்தச் சாக்கு. நீர் வெப்பமடைவது உண்மை. ஆனால், வெப்பத்தைக் குறைப்பது ஒரு மாகாண அரசின் கையில் இல்லை; பாஸ்பரஸைக் குறைப்பது அதன் கையில் இருக்கிறது. வெப்பம் கூடக்கூட, அதே அளவு பாஸ்பரஸ் முன்னைவிட அதிகப் பாசியை விளைவிக்கும். ஆகவே, பருவநிலை மாற்றம் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்கான காரணமன்று, இறுக்குவதற்கான காரணம்.

என் பார்வையில் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஏரிக்கான திட்டத்தைத் தேர்தல் காலத்தோடு பிணைக்காமல், குறைந்தது இருபது ஆண்டுகளுக்கான நிதியோடும் அதைக் கண்காணிக்கும் தன்னாட்சி அமைப்போடும் சட்டமாக்குவது. ஐந்தாம் ஆண்டில் நீர் தெளியவில்லை என்று கைவிடும் திட்டம், தொடங்காமலே இருந்திருக்கலாம். இரண்டாவது, ஏரியைவிட ஓடைகளுக்கு முன்னுரிமை தருவது. கரையோரம் சில மீட்டர் அகலத்துக்கு மரமும் புல்லும் விட்டு, கால்நடைகள் இறங்காமல் வேலியிட்டாலே சரளைப் படுகைகள் பிழைக்கும். அங்கே டிரவுட் முட்டையிடும். மூன்றாவது, காட்டு டிரவுட் இன்னும் எஞ்சியுள்ள ஏரிகளில் பண்ணை மீனை விடாதிருப்பது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் குறைவாகவே தெரியட்டும். அந்தக் குறைவு மக்களுக்கு உறுத்தினால்தான் அமைச்சருக்கும் உறுத்தும்.

ஆறு தன் அழுக்கைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். ஆழம் குறைந்த ஏரிக்கு அந்த வசதி இல்லை. கரையில் வாழ்ந்தவர்கள் செய்த ஒவ்வொன்றையும் அது சேற்றில் எழுதிவைத்துக்கொள்கிறது. லெவன் தன் கணக்கைத் தீர்க்க ஒரு தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டது. அதைவிடப் பன்மடங்கு பெரிய நே ஏரியில் இந்த ஆண்டே எல்லாம் சரியாகத் தொடங்கினாலும், தெளிந்த நீரைப் பார்க்கப்போகிறவர்கள் இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். வாக்குரிமை இல்லாத அவர்களுக்காக இன்று செலவிடத் துணியும் அரசு அமைகிறதா என்பதைப் பொறுத்தே டொலகனின் எதிர்காலம் இருக்கிறது.